ருசி பார்த்தது கணக்கில் வராது

மருத்துவமனைச் செவிலியிடம் நாக்கக்கா அதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

தொழிற்சாலை கேன்டீனில் அவள் தலைமைச் சமையல்காரி. எத்தனை அண்டா கொதித்தாலும் சரி, ஒரு கரண்டி வாயில் விட்டதும் எதில் என்ன குறை என்று பட்டென்று சொல்லிவிடுவாள். அதனால் தொழிலாளர்கள் வைத்த பெயர் அது. அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். இல்லாவிட்டால் அந்தப் பெயருக்கு அப்படித் திரும்பிப் பார்ப்பாளா?

"நேத்து என்ன சாப்பிட்டீங்கக்கா?" என்றாள் செவிலி.

"ரெண்டு ரொட்டி, உப்பில்லாம அவிச்ச காய். அவ்வளவுதான்மா."

செவிலியின் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் ரத்த அழுத்தம் இறங்குவதாக இல்லை. மாத்திரையைக் கூட்டிப் பார்த்தாயிற்று. போதாததற்குச் சிறுநீரில் புரதம் வேறு போக ஆரம்பித்திருந்தது.

"இப்படியே போனா கிட்னி கைவிட்டுடும்கா. வாயைக் கட்டச் சொன்னேனே, கட்டுறீங்களா?"

"கட்டாம? உப்பு ஜாடியத் தூக்கிப் பரண்ல போட்டாச்சு. என்னால என் மகளும் உப்புச் சப்பில்லாமத்தான் சாப்பிடுறா, பாவம்."

செவிலிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "வேலையில ருசி பாப்பீங்கல்ல?"

நாக்கக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது சாப்பாடாம்மா? தட்டு வெச்சு உக்காந்தாத்தானே சாப்பாடு!"

செவிலி சிரிக்கவில்லை. "நாளைக்கு ஒரு நாள், நீங்க ருசி பாக்குற ஒவ்வொரு வாய்க்கும் அதே அளவு எடுத்து ஒரு கிண்ணத்துல போட்டு வைங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

படித்தவர்கள் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு மறுநாள் சின்னக் கிண்ணமாகத்தான் எடுத்துப் போனாள். காலைச் சூப்புக்கும் பருப்புக்குமே அது நிறைந்துவிட்டது. பெரிய பாத்திரத்துக்கு மாற்றினாள். வறுவலில் ஒரு துண்டு, சாஸில் ஒரு கரண்டி, உப்பு போட்ட பிறகு மறுபடி ஒரு கரண்டி. போதாக்குறைக்கு, இரண்டாவது சமையல்காரி நிமிடத்துக்கு ஒரு முறை, "அக்கா, இதக் கொஞ்சம் பாருங்களேன்" என்று நீட்டினாள். மதியச் சங்கு ஊதும்போது, வேலை செய்து களைத்த ஓர் ஆள் வயிறாரச் சாப்பிடும் அளவுக்கு அதில் இருந்தது. உப்பும் காரமும் எண்ணெயுமாக அதைப் பார்த்தவள் ஆடிப்போனாள். இத்தனையும் தினமும் எனக்குள்ளேயா போகிறது?

அன்றோடு விழுங்குவதை நிறுத்தினாள். நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தாள். சில வாரங்களில் அழுத்தம் இறங்கியது. செவிலி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா, உங்க கையிலதான் இருந்துச்சு" என்றாள். வீடு திரும்பும் வழியெல்லாம் நாக்கக்காவின் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி. உப்பை மறந்த நாக்குக்கு இப்போது ஒரு சிட்டிகையே தூக்கலாகத் தெரிந்தது. அவள் "சரி" என்று இறக்கிய அண்டாவைச் சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் சீந்தவில்லை.

"என்னக்கா, உப்பு லீவுல போயிருக்கா?" என்று முதலில் கேலி செய்தார்கள். பிறகு தட்டுகள் பாதியோடு திரும்பி வந்தன. அளவுக் கரண்டி வைத்துப் பார்த்தாள். பதப்படுத்தி வரும் இறைச்சி ஒரு நாள் உப்பில் ஊறி வரும், ஒரு நாள் வராது. ஊறி வந்த அன்றைக்கெல்லாம் அளவுக் கரண்டி காலை வாரிவிட்டது. கடைசியில் இரண்டாவது சமையல்காரியைக் கூப்பிட்டு, "நீ கொஞ்சம் பாரேன்" என்றாள். அவள் பார்த்தாள். மிகச் சரியாகச் சொன்னாள். பாழாய்ப் போன நேரம், மேலாளர் வாசலில் நின்றிருந்தார்.

"நாக்கு செத்துப்போச்சாக்கா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். "ருசி பாக்கத்தான் தலைமை. அதுக்கே வேற ஆள் வேணும்னா எப்படி? இந்த மாசம் பாக்கலாம். சரியா வரலன்னா காய் நறுக்குற பக்கம் போயிடுங்க."

காய் நறுக்குவதற்கு அவள் வெட்கப்படவில்லை. ஆனால் கேன்டீனுக்குப் பின்னால் இருந்த அறை தலைமைச் சமையல்காரிக்குக் கொடுத்த அறை. புருஷனை விட்டு, கைக்குழந்தையோடு வந்த மகள் அங்கேதான் இருந்தாள். கரண்டி கை மாறினால் மூன்று பேரும் தெருவில்தான். உடம்பைப் பார்த்தால் கூரை போகும், கூரையைப் பார்த்தால் உடம்பு போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சந்து. யாரைத் திட்டுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. செவிலி நல்லவள், மேலாளரும் கெட்டவர் இல்லை.

மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து நாக்கக்கா பரணிலிருந்து உப்பு ஜாடியை இறக்கினாள். முதலில் ரொட்டியில் தூவினாள், பிறகு காயில் போட்டாள். கேன்டீனில் துப்புவதை விட்டாள். நாக்கு கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. மாதம் முடிவதற்குள் ஒரு மதியம் கூடம் முழுக்க, "அக்கா திரும்பி வந்தாச்சு!" என்று தட்டைத் தட்டினார்கள். மேலாளர் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். நாக்கக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பழியை வெங்காயத்தின் மேல் போட்டாள். முன்பு தெரியாமல் விழுங்கினாள். இப்போது ஒவ்வொரு கரண்டியும் எங்கே போய் என்ன செய்யும் என்று தெரிந்தே விழுங்கினாள்.

அடுத்த முறை மருத்துவமனையில் அழுத்தம் பழையபடி ஏறியிருந்தது. செவிலி நம்ப முடியாமல் இன்னொரு தடவை பார்த்தாள்.

"என்னக்கா இது? நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு ரொட்டி, உப்பில்லாம அவிச்ச காய். அவ்வளவுதான்மா." இந்தத் தடவை தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வேலையில? கிண்ணம் வெச்சுப் பாத்தீங்களா?"

"வெச்சேன்மா. காலியாத்தான் இருக்கு."

செவிலி பெருமூச்சு விட்டாள். அப்படியானால் மருந்துதான் போதவில்லை என்று சொல்லி, டாக்டரிடம் கேட்டு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தாள்.