நிலந்தோயாத வேன்

இயந்திரங்களுக்கு மாலையிடும் விசுவகர்மா பூஜையன்று காலை, சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில் ஏழுமலையின் மாவு வேன் தரையிலிருந்து நான்கு விரல் உயரம் எழும்பி அங்கேயே நின்றது. அந்நாளின் வங்காள வழக்கப்படி வானெங்கும் பட்டங்கள் பறந்தமையால் குடியிருப்போர் பெரும்பாலும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தனர். முன் சக்கரத்துக்கு நேர் அடியில் ஒரு பூனைக்குட்டி புகுந்து மறுபுறம் வெளிவந்ததைக் கண்ட பின்னரே செய்தி பரவிற்று. எழும்பியதற்குக் காரணம் அன்று இன்ஜினில் ஊற்றிய எண்ணெய்தான் என்பதில் அப்போதும் பின்னரும் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

ஏழுமலை ரயில்வே யார்டில் டீசல் இன்ஜின் ஃபிட்டர். அவர் மனைவி பூங்கோதை பிற்பகலில் இட்லி மாவு அரைத்து, எவர்சில்வர் அண்டாக்களில் நிரப்பி, வீட்டில் இடம் போதாமையால் வேனிலேயே ஏற்றி வைத்துவிடுவாள். மாவு இரவெல்லாம் வேனுக்குள் புளித்துப் பொங்கும். விடியலில் அது ஆற்றுப் பாலத்தைக் கடந்து நகரத்துக்குள் லேக் மார்க்கெட் ஓட்டல்களுக்குப் போகும். அந்த வியாபாரம் முழுக்க அவள் கையால் எழுந்தது. வேனின் இன்ஜின் தேய்ந்து புகை கக்கத் தொடங்கியபோது, பவானிபூரில் பட்டறை வைத்திருந்த, எல்லோரும் வங்காளியில் தாதா, அதாவது அண்ணன், என்றழைக்கும் நிமாய் அதைப் பிரித்து, சிலிண்டர் சுவர்களைத் தீட்டி, புது பிஸ்டன் ரிங்குகள் பூட்டி மறுபடி கட்டித் தந்தார். முதல் எண்ணெய் மட்டும் கெட்டியான சாதாரண மினரல் ஆயிலாக இருக்கட்டும் என்றும் சொல்லி அனுப்பினார். புது ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றையொன்று அறியாதவை; முதல் ஓட்டங்களில் அவை உரசித் தேய்ந்து ஒன்றுக்கொன்று இசைய வேண்டும்; மிக வழவழப்பான எண்ணெய் இடையில் நின்றால் அவை கடைசிவரை அயலாராகவே இருந்துவிடும். இது ஏழுமலை அறியாததன்று. யார்டில் அவரே பிறருக்கு இதைச் சொல்லியிருக்கிறார். ஆயினும் யார்டின் இன்ஜின்கள் அரசாங்கத்தினுடையவை, இது அவருடையது. வைகறைதோறும் பதிகம் ஓதாமல் பல் துலக்கிய வாயில் தேநீரும் ஊற்றாத அவர், திருமேனிக்குச் சாத்தும் முதற்காப்பு தைலத்தில் தரம் குறைப்பது எப்படித் தகாதோ, அப்படியே இதுவும் தகாது என்று எண்ணிவிட்டார். கடையில் இருந்தவற்றுள் விலை மிகுந்த, பொன்னிறமான, மிக வழவழப்பான முழு சிந்தெட்டிக் ஆயிலை வாங்கிவந்தார்.

"நிமாய் தாதா சாதா ஆயில்தானே ஊத்தச் சொன்னாரு?" என்றாள் பூங்கோதை.

"பொறந்த கொழந்த நாக்குல தேன் தடவுவியா, வெளக்கெண்ண தடவுவியா?"

"தேனே தடவாதீங்கன்னுதான் இப்பல்லாம் டாக்டரு சொல்றாரு."

அவர் ஊற்றினார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஓசையின்றி எழுந்தது. வேனும் உடன் எழுந்தது.

வானவரின் அடி நிலத்தில் தோயாது, அவர் கண் இமையாது, மேனி வியராது, சூடிய மாலை வாடாது என்பர் முன்னோர். வேனிடத்தும் இவை யாவும் ஒழுங்காக அமைந்திருந்தன. திருப்பங்களில் இண்டிகேட்டர் விளக்கு இமைக்காமல் ஒரே நிலையில் எரிந்தது. புரட்டாசிப் புழுக்கத்திலும் கண்ணாடியில் ஆவி படியவில்லை. பூஜைக்குச் சாத்திய செம்பருத்தி வாரங்கள் கடந்தும் அன்று பூத்ததுபோல் இருந்தது. ஸ்டீயரிங்குக்கு வேன் முன்போலவே கட்டுப்பட்டது. நிறுத்துவதற்கு மட்டும், படகைக் கரை சேர்ப்பதுபோல, சற்று முன்னதாகவே நினைக்கவேண்டியிருந்தது. பாலத்தின் தலைப்பில் ஒரு போக்குவரத்து சார்ஜென்ட் அதை நிறுத்திக் குனிந்து பார்த்தார். இதற்கு என்ன பிரிவில் வழக்கெழுதுவது என்று தெரியாமல், கும்பிட்டு அனுப்பினார். ஏழுமலை அந்நாட்களில் வேனைப் பக்கவாட்டில் நின்று பார்க்கும்போதெல்லாம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்.

ஆனால் வாடாத இடத்தில் புளிப்பும் இல்லை. மாவு ஏற்றியபடியே இறங்கியது. அண்டாவில் ஒரு குமிழி எழவில்லை. லேக் மார்க்கெட்டில் பாட்டன் காலத்து ஓட்டலை நடத்திவந்த ஜெய்ராம் முதலில் பொறுத்தார். பிறகு ஒருநாள் காலை கிண்ணத்தோடு வெளியே வந்து, வேனருகில் நின்ற பூங்கோதையை வங்காள வழக்கில் அக்கா முறை சொல்லி விளித்தார்.

"தீதி, உங்க வண்டி மெதக்கட்டும், ஆகாசத்துலயே போகட்டும், நேக்கென்ன? இட்லின்னா மெதக்கணும்? இங்க பாருங்கோ, சாம்பார்ல கல்லாட்டம் முழுகறது! பூஜைக்குள்ள சரியாகலேன்னா வேற எடத்துல சொல்லிடுவேன். கோச்சுக்காதீங்கோ."

துர்கா பூஜையின் ஆர்டர் போனால் ஆண்டு முழுவதும் போகும் என்பதைப் பூங்கோதை அறிவாள். வீட்டில் மாவைப் புளிக்கவைக்க முயன்றாள். கட்டிலுக்கடியிலும் குளியலறையிலும் அண்டா வைத்தாள். பொங்கிய மாவும் வேனில் ஏறியவுடன் அடங்கிப்போயிற்று. அன்று மாலை ஏழுமலை யார்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருக்கையில் அவள் கேட்டாள்:

"புது கிரைண்டர் வந்தா மொதல்ல என்னாத்தங்க அரைப்போம்?"

"தவுடு."

"ஏன், முந்திரி அரைக்கலாமே? நெய்ய ஊத்தி ஓட்டலாமே?"

அவர் அடுத்த காலில் நீர் ஊற்றினார்.

"கல்லும் கல்லும் பழகணும். அதுக்குத் தவுடுதான் லாயக்கு. உங்க சாமி தவுட்டுல வரமாட்டாரா?"

"இத்தினி வருஷத்துல எனக்குன்னு நடந்தது இது ஒண்ணுதான்டி," என்றார் ஏழுமலை. அவர் குரலில் கோபம் இல்லை. பூங்கோதை புளிக்காத மாவை அண்டா அண்டாவாகச் சாக்கடையில் கவிழ்த்தாள். அந்த ஓசையை அவர் முழுதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவரே வேனுக்கடியில் படுத்தார், ஜாக்கி தேவைப்படவில்லை. எண்ணெய் வடிக்கும் திருகாணியைக் கழற்றியதும் பொன்னிற எண்ணெய் கீழே விழாமல் நூலாக நின்று, சற்றுத் தயங்கி, பிறகு டப்பாவுக்குள் இறங்கியது. சாதாரண மினரல் ஆயிலை அவர் பதிகம் ஓதாமல் ஊற்றத் தொடங்கி, பாதியில் மனம் கேளாமல் ஓதினார். அதன்பின் நாள்தோறும் அண்டாக்களை ஏற்றிக்கொண்டு, பாலத்தின் ஏற்றத்தில் இன்ஜினை உழைக்கவிட்டும் இறக்கத்தில் தளர்த்தியும், ஒரே வேகத்தில் நிலைக்கவிடாமல் ஓட்டினார். உள்ளே ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று தேய்த்து அறிந்துகொண்டன. வேன் சிறிது சிறிதாகத் தாழ்ந்தது. பவானிபூர் திருப்பத்தில் இண்டிகேட்டர் முதன்முதலாக இமைத்தது. பிறகு கண்ணாடியில் ஆவி படிந்தது. செம்பருத்தி வாடிய காலையில் ஏழுமலை அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

மகாளய அமாவாசையன்று விடியலில் லேக் மார்க்கெட்டில் வேனின் பின்கதவைத் திறந்தபோது, மாவு பொங்கி அண்டா மூடியைத் தள்ளிவிட்டு வழிந்திருந்தது. ஜெய்ராம் விரலால் தொட்டு முகர்ந்து, கடந்த ஆண்டினும் கூடுதலாகப் பூஜை ஆர்டர் சொல்லிவிட்டு உள்ளே போனார். நிமாய் புகைக்குழாயில் வெள்ளைத்துணி பிடித்துப் பார்த்து, ரிங் அமர்ந்துவிட்டது என்று அறிவித்து, தேய்மானத் துகள் கலந்த எண்ணெயை வடித்து அதே தரத்தில் புதிது மாற்றினார். ஆயினும் சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே ஒரு வெற்றிலையின் கனம் எஞ்சியிருந்தது. வேலையை அரைகுறையாக விட்டு அறியாத ஏழுமலை, மணல் மூட்டைகளை ஏற்றி இன்னும் சில நாள் பாலத்தில் ஓட்டினால் அதுவும் தீர்ந்துவிடும் என்று கூறி மூட்டைகளைத் தோளில் தூக்கிவந்தார். பூங்கோதை பின்கதவை மூடி அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

"மாவு பொங்கிடுச்சு, எனக்கு அது போதும். மிச்சம் உங்களுக்கு இருக்கட்டுங்க."

அவர் மூட்டைகளை இறக்கி வைத்தார்.

வேன் இன்றும் அந்த உயரத்திலேயே ஓடுகிறது. மாவு புளிக்கிறது. மறு ஆண்டு மாட்டிய புது டயர்களில் தரை படாமையால் தொழிற்சாலையிலிருந்து வந்த ரப்பர் முடிகள் ஒன்றும் உதிரவில்லை. ஆயினும் லேக் மார்க்கெட் பஞ்சர் கடைக்காரர் மாதந்தோறும் அவற்றுக்குக் காற்றடிக்கிறார். பூங்கோதை அவருக்கு ஒரு டப்பா மாவு கொடுத்துவிட்டு அடுத்த ஓட்டலுக்குப் போகிறாள்.