நிறம் பார்க்கும் அறை

பெயிண்டர் பெண்டாட்டி வெள்ளைச் சுவருக்கு நடுவில் உட்கார்ந்து வேலை பார்ப்பதா என்று அவள் கணவனுக்கு ரோஷம். கால் முறிந்து, மூன்றாவது மாடியில் இருக்கும் ஸ்டூடியோவுக்கு ஏற முடியாமல் அவள் கிடந்தாள். "வீட்லேர்ந்தே ஆல்பம் பண்ணிக் குடும்மா" என்று ஸ்டூடியோக்காரர் சொன்னதுதான் தாமதம், இவன் பின்னறையைக் காலி செய்து, நாலே நாளில் நாலு சுவருக்கும் பளீரென்று ஆரஞ்சு அடித்துவிட்டான். அவளுக்குப் பிடித்த நிறம். அதைப் பார்த்து அவள் அழுதேவிட்டாள்.

கல்யாணப் படங்களில் முகங்களைத் திருத்துவது அவள் தொழில். பன்னிரண்டு வருஷமாக அதே வேலை. மாநிறத்தை மாநிறமாகவே விடுவாள் என்று பெயர். "கொஞ்சம் வெளுப்பாக்குங்க" என்று யாராவது கேட்டால் மல்லுக்கு நிற்பாள்.

ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு அவள் கம்ப்யூட்டர் வாங்கப் போன கடையில், வளைந்த பெரிய திரை ஒன்றின் முன்னால் கணவன் நகராமல் நின்றுவிட்டான். "பஸ் கண்ணாடி மாதிரி இருக்கு பாரு! கீபோர்டுல விளக்கு வேற எரியுது!"

"அண்ணே, அது கேம் ஆடறவங்களுக்கு. அக்காவுக்கு வேகம் வேணாம், நிறம்தான் வேணும்" என்று கடைக்காரப் பெண் அவர்களை இன்னொரு பக்கம் அழைத்துப் போனாள். வீட்டிலிருந்து இவள் கையோடு கொண்டுபோயிருந்த பென்டிரைவில் ஒரே குடும்பத்து ஐந்து பேர் படம். ஐந்து பேரும் ஐந்து நிறம். பளபளத்த திரைகளிலெல்லாம் அவர்கள் ஒரே சாயலாய்த் தெரிந்தார்கள். ஓரமாய் இருந்த இருபத்தேழு இன்ச் மானிட்டரில்தான் ஆளுக்கொரு நிறமாகப் பிரிந்தார்கள். அதையே எடுத்தாள். கேமுக்கு வேண்டிய கிராபிக்ஸ் கார்டைச் சுமாராக வைத்துக்கொண்டு மெமரியைக் கூட்டினாள். கீபோர்டில் விளக்கே இல்லை.

"கடையிலயே அழுமூஞ்சியாப் பாத்து எடுத்திருக்கே" என்றான் கணவன்.

முதல் ஆல்பம் போன மறுநாளே ஸ்டூடியோவிலிருந்து போன் வந்தது. "என்னம்மா, பொண்ணு, மாப்பிள்ளை, அத்தனை பேருக்கும் மஞ்சக்காமாலையா?" இரண்டாவதும் அப்படியே. ஸ்டூடியோக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அடுத்ததும் இப்படின்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும். தப்பா எடுத்துக்காத."

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கால் போனாலும் கண் இருக்கிறது என்றுதான் இத்தனை நாள் தைரியமாக இருந்தாள். பழியை மானிட்டர் மேல் போட்டுக் கடைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டாள். அவளும் வந்து, உள்ளங்கை அளவுக் கருவியொன்றைத் திரைமேல் வைத்து நிறத்தை அளந்தாள்.

"திரையில ஒரு குறையும் இல்லக்கா." பிறகு ஒரு வெள்ளைத் தாளைச் சுவரோரம் பிடித்துக் காட்டினாள். தாள் ஆரஞ்சாய் இருந்தது. "அறை முழுக்க இந்த வெளிச்சம்தான். கண்ணு இதுக்குப் பழகிட்டா, திரையில இருக்கறது நீலம் பாய்ஞ்ச மாதிரி தெரியும். நீங்க சரி பண்றதா நெனச்சு மஞ்சளக் கூட்டிடறீங்க. சுவரு வெறும் சாம்பலா இருந்தாத்தான் கண்ணு ஏமாறாது."

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இங்கே கண்ணுக்கு ஒன்றுமில்லை, காமாலை சுவருக்கு.

நிமிர்ந்து பார்த்தால், கையில் டீயோடு வாசலில் கணவன். அவள் முந்திக்கொண்டு, "சுவர் கிடக்கட்டுங்க. நான் பழகிக்கறேன்" என்றாள். அவன் டீயை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலை வேலைக்குப் போகாமல் வாளியும் பிரஷுமாக வந்து நின்றான். சாம்பல் நிறம் அடிக்கிறவன் பெயிண்டரே இல்லை என்று வாழ்நாளெல்லாம் சொல்லித் திரிந்தவன், படத்தில் நிறம் சரிபார்க்க அவள் வைத்திருந்த சாம்பல் அட்டையை வாங்கிச் சுவரில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கலந்தான். "இதுல நீலம் எட்டிப் பாக்குது." "இதுல பச்ச இருக்கு." ஏழாவது கலவையில்தான் அட்டை எது, சுவர் எது என்று தெரியாமல் போனது. தன் ஆரஞ்சைத் தன் கையாலேயே மூடினான். ஒரு முணுமுணுப்பு இல்லை. வீடு கட்டிய எந்த மேஸ்திரியிடமும் தன் நிறம் தப்பென்று ஒப்புக்கொண்டதில்லை அந்த மனுஷன். இப்படி ஒருவன் வாய்த்ததற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது ஆல்பம் போனது. மறுநாள் சாயங்காலம் போன். "இதான் உன் கை! அடுத்த வாரம் ரெண்டு ஆல்பம் வருது, ரெடியா இரு."

போனை வைத்துத் திரும்பினாள். வேலையிலிருந்து வந்த கணவன், சட்டையெல்லாம் சிவப்புத் தெறித்திருக்க, அறையின் நிலைப்படிக்கு வெளியே நின்று டீ கிளாஸை நீட்டிக்கொண்டிருந்தான்.

"உள்ள வாங்களேன்."

"வேணாம். சட்டை பூரா செவப்பு. நான் வந்தா உன் திரையில இருக்கற முகமெல்லாம் கெட்டுப்போயிடும்."

அவள் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து போய், அவன் கையைப் பற்றி இழுத்தாள்.

"ஊரு முகத்தையெல்லாம் திருத்தறேன். நான் திருத்த வேண்டாத முகம் இது ஒண்ணுதான். வாங்க."

"மூக்க மட்டும் கொஞ்சம் சரி பண்ணலாம்ல?" என்றபடி அவன் உள்ளே வந்தான்.