மூத்தவளின் முதல் ஆர்டர்

சின்னவளின் கைப்பேசி மெல்லச் சிணுங்கினால் போதும், பெரியவளின் கை செய்கிற வேலையில் ஒரு கணம் நின்றுவிடும். யாரோ எங்கோ சின்னவளின் பேச்சை நம்பி ஒரு பொருளை வாங்கிவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம்.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் அவர்கள். சமையலறையும் ஒன்றுதான். பெரியவள் சாயங்காலம்வரை மருந்துக்கடையில் நின்றபடி வேலை பார்ப்பவள். சின்னவள் வேலை பார்த்த துணிக்கடையை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்திருக்கலாம். அவளோ சமையலறைச் சாமான்களுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினாள்.

எந்த வாணலியின் பிடி சுடும், எந்த டப்பாவின் மூடி சீக்கிரம் தளரும் என்று எழுதுவாள். அடியில் ஓர் இணைப்பு இருக்கும். அதைத் தொட்டு யாராவது வாங்கினால் விற்கிற நிறுவனம் அவளுக்கு ஒரு சிறு பங்கு கொடுக்கும். வாங்குகிறவருக்கு விலை கூடாது. ஆனாலும், ‘நீங்கள் இதை வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்’ என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவாள். சொன்ன பிறகும் வாங்கினார்கள். அவள் மகளின் பள்ளிக் கட்டணமே இப்போது அதிலிருந்துதான் போகிறது.

பெரியவளின் கணவன் பேருந்து ஓட்டுநர். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, “நான் நாள் பூரா ஸ்டீயரிங்கோட மல்லுக்கட்டுறேன். தம்பி பொண்டாட்டி ஒத்த விரலாலயே குடும்பம் நடத்துறா” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். அன்று பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகத் துலங்கின.

சின்னவள் புதிதாக எதையாவது எழுதிக் காட்டும்போதெல்லாம், “நல்லா இருக்கும்மா” என்பாள் பெரியவள். சொல்லும்போது அவள் கண் அடுப்பின் மேலோ ஜன்னலின் மேலோ இருக்கும். பொறாமைக்கு நேராகப் பார்க்கத் தெரியாது.

கடைசியில் தானும் தொடங்குவதென்று முடிவு செய்தாள். சின்னவள் சந்தோஷமாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். ஒரே வகைப் பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் தொட்டுப் புழங்கியதைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். குறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கமிஷன் வருவதை மறைக்கக் கூடாது. நம் இணைப்பில் நாமே வாங்கக் கூடாது. முதல் ஆர்டர் வர மாதக்கணக்கில் ஆகலாம், பொறுத்திருக்க வேண்டும். பெரியவள் தலையாட்டினாள். எனக்கே பாடம் எடுக்கிறாளே என்று உள்ளே ஒரு குரல் முணுமுணுத்ததில் பாதி காதில் விழவில்லை.

தொட்டிலிலிருந்து மிதிவண்டிவரை எழுதினாள். எழுதினாள் என்பதைவிட, நிறுவனம் போட்டிருந்த விளம்பர வாசகத்தை எடுத்து ஒட்டினாள். இணைப்புகளைக் கைப்பேசியில் இருந்த எல்லாக் குழுக்களிலும் கொட்டினாள். தூரத்து உறவினர் ஒருவரின் மரணச் செய்திக்குக் கீழேகூட ஒரு மின்விசிறி போய் விழுந்தது. அதைக் கவனிக்காத ஒருவர் மின்விசிறிக்கும் சேர்த்து ஆழ்ந்த இரங்கல் தெரிவித்திருந்தார்.

யாரும் வாங்கவில்லை. பெரியவள் பக்தி உள்ளவள். படுக்குமுன் கண்மூடி, என் பக்கமும் வளரட்டும் என்று வேண்டிக்கொள்வாள். அந்த வேண்டுதலுக்குப் பின்னால் வார்த்தையில்லாத இன்னொரு வேண்டுதலும் ஒட்டிக்கொண்டு போகும்: அவளுடையது கொஞ்சம் சரியட்டும். கடவுள் இரண்டையும் கேட்டிருப்பார். அவர் பதில் சொல்லும் முறைதான் வேறு.

அவள் விளம்பரத்தைப் பார்த்து ஒட்டிய பொருள்களில், நின்று சமைப்பவர்கள் காலடியில் போட்டுக்கொள்ளும் தடித்த விரிப்பும் ஒன்று. ஒரு காலையில் அதற்கு ஓர் ஆர்டர் விழுந்தது. பெரியவள் மருந்துக்கடைக்கு வந்தவர்களைப் பார்த்தெல்லாம் தானாகச் சிரித்தாள். சாயங்காலம் வீட்டில் இரண்டு தரம் சொன்னாள். “நான் சொன்னேன்லக்கா, வரும்னு” என்றாள் சின்னவள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பைப் பெரியவள் அன்றைக்குச் சரியாகப் பார்க்கவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் நிறுவனத்திலிருந்து தகவல் வந்தது. உங்கள் வீட்டிலேயே வசிப்பவர் உங்கள் இணைப்பின் மூலம் வாங்கியிருக்கிறார், இது விதிமீறல், உங்கள் கணக்கு மூடப்படுகிறது.

வீட்டில் இணையத்தில் வாங்கத் தெரிந்தவள் சின்னவள் ஒருத்திதான். தன் இணைப்பில் தானே வாங்கக் கூடாதென்று சொன்னவளும் அவளேதான். விதி தெரிந்து செய்திருக்கிறாள். முளைக்கும்போதே கிள்ளிவிட்டாள். பெரியவளுக்குக் காது மடல் சுட்டது. கோபத்துக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. இத்தனை நாள் காரணமில்லாமல் வெறுத்ததற்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டதே.

மறுநாள் கடைக்கு விடுப்பு சொன்னாள். சின்னவள் துணி உலர்த்த மாடிக்குப் போன நேரத்தில் அதே நிறுவனத்துக்கு ஒரு புகார் எழுதினாள். என் வீட்டில் இருக்கும் இன்னார், உங்களிடம் கணக்கு வைத்திருப்பவர், என்னைக் கெடுக்க வேண்டுமென்றே இதைச் செய்தார், அவருடைய கணக்கையும் மூடுங்கள். படித்துப் பார்த்தாள். அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலைக் கொண்டுபோனாள்.

வாசல் மணி அடித்தது.

பார்சல்காரர் ஒரு நீளமான உருளையை நீட்டினார். மேலே பெரியவளின் பெயர். நான் எதுவும் கேட்கவில்லையே என்றாள். பெயர் சரிதானே, அப்புறம் என்னம்மா என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். உறையைக் கிழித்தபோது கருஞ்சாம்பல் நிறத்தில் தடித்த விரிப்பு ஒன்று மெல்லப் பிரிந்து தரையில் படுத்தது.

காலிக் கூடையோடு சின்னவள் படியிறங்கி வந்தாள். “வந்துடுச்சா? நீங்க கடைக்குப் போயிருக்கும்போது அடுப்புக்கு முன்னாடி விரிச்சு வைக்கலாம்னு இருந்தேன்.”

“நீயா வாங்கின?”

“உங்க லிங்க்லதான். காலையில எழுந்ததும் குதிகாலை ஊன முடியாம நுனிக்கால்ல நடக்கிறீங்களே, நான் பார்க்காமலா இருக்கேன்? அதோட…” கொஞ்சம் தயங்கினாள். “நீங்க இதுல நின்னு பார்க்காமலே எழுதியிருந்தீங்க. நின்னு பார்த்துட்டு எழுதினா நல்லா வரும்னு தோணுச்சுக்கா. முதல் ஆர்டரும் ஆச்சு.”

பெரியவள் கணக்கு மூடப்பட்டதைச் சொன்னாள். சின்னவளின் கையிலிருந்த கூடை சாய்ந்தது.

“நம்ம லிங்க்ல நாம வாங்கக் கூடாதுன்னுதான் நினைச்சேன். வீட்ல இருக்கிற யாருமே கூடாதுன்னு எனக்குத் தெரியாதுக்கா.” அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள்.

பெரியவளின் கையில் கைப்பேசி விழித்துக்கொண்டிருந்தது. அவள் சின்னவளைப் பார்த்தாள், விரிப்பைப் பார்த்தாள். பிறகு புகாரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். மொத்தமாக அழிக்க வழியிருந்தது. அது அவளுக்குப் போதவில்லை. அந்த இடத்திலேயே வேறொன்றை எழுதி அனுப்பினாள். வாங்கியவர் என் ஓரகத்தி, என் குதிகால் வலிக்காக வாங்கினார், விதி தெரியாமல் நடந்தது, தவறை என் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னவளின் கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியவளின் கணக்கு திறக்கவும் இல்லை. ஒரு பரிவு வழிதவறிக் கதவைச் சாத்திவிடுவது உலகத்தில் நடப்பதுதான். அதனால் அது பரிவு இல்லையென்று ஆகிவிடாது.

சில வாரங்கள் அந்த விரிப்பின் மேல் நின்று சமைத்த பிறகு, சின்னவள் கேட்டுக்கொண்டதன் பேரில் அவளுடைய பக்கத்திலேயே பெரியவள் எழுதினாள். எண்ணெய் சிந்தினால் வழுக்கும். ஒரு மூலை அடிக்கடி தூக்கிக்கொள்ளும், கால் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நாள் முழுக்க மருந்துக்கடையில் நின்றுவிட்டு வந்து அடுப்படியிலும் நிற்கிற என் கால், இப்போதெல்லாம் காலையில் தரையைப் பார்த்துப் பயப்படுவதில்லை. நீங்கள் இதை வாங்கினால் என் தங்கைக்குக் கமிஷன் வரும், அவள் அதற்குத் தகுதியானவள்.

நின்று வேலை பார்க்கும் பெண்கள் எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். இன்னும் எழுதுங்கள், சமையலறைப் பொருள்களைவிட உங்கள் எழுத்து பிடித்திருக்கிறது என்றாள் ஒருத்தி. சின்னவள் எழுதிய எதற்கும் இத்தனை பதில் வந்ததில்லை.

அடுப்படியில் நின்றபடி பெரியவள் அதையெல்லாம் காட்டியபோது, “நல்லா இருக்குக்கா” என்றாள் சின்னவள். அவள் கண் ஜன்னலின் மேல் இருந்தது.

அந்தப் பார்வையைப் பெரியவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். சொந்த வீட்டுப் பாத்திரத்தை யாருக்காவது தெரியாமல் போகுமா? அது எத்தனை கனம், எங்கே சுடும், எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு கணம் உள்ளே பழைய குரல் குஷியாக எழுந்தது. அதைக் கொஞ்சம் உட்காரச் சொன்னாள்.

“அடுத்தது நாம காய் நறுக்குற கத்தியைப் பத்தி எழுதணும். எனக்கு வெட்ட மட்டும்தான் தெரியும், எதைச் சொல்லணும்னு உனக்குத்தான் தெரியும். வந்து பக்கத்துல நில்லு” என்றாள். விரிப்பின் ஓரத்துக்கு நகர்ந்து மற்ற பாதியைக் காலியாக விட்டாள்.

சின்னவள் உடனே வரவில்லை. கொதிக்கிறதா என்று பாலைப் பார்த்தாள், திறந்திருந்த ஒரு டப்பாவை மூடினாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள்.

“மூலை தூக்குதுக்கா.”

“அதான் எழுதியிருக்கேனே. நீ மிதிச்சுக்கோ.”