எதிர் நாற்காலியில் அண்ணி

நடுவில் சுவர் ஒன்றுதான். இந்தப் பக்கம் அவளும் புருஷனும். அந்தப் பக்கம் நாத்தனாரும் இரண்டு நாய்களும். நாத்தனார் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக் கேட்டைச் சாத்தியதும் குரைப்பு தொடங்கும். பூனை, தபால்காரர், கொடியில் ஆடும் துணி, எதுவானாலும் போதும். ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றையொன்று பார்த்துக் குரைத்துக்கொள்ளும்.

அவளுக்கு வீட்டிலிருந்தே போனில் பேசும் வேலை. காப்பீட்டு நிறுவனத்தைத் திட்டுவதற்கென்றே கூப்பிடுகிறவர்களைச் சமாதானப்படுத்த வேண்டும். ஒருநாள் ஒரு பெரியவர், "ஏம்மா, நாய்ப்பண்ணையில உக்காந்தா பேசறே?" என்று கேட்டுவிட்டார். இனி இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றார் மேலதிகாரி.

"உங்க தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று புருஷனைக் கெஞ்சினாள்.

"நாய்னா குரைக்கத்தானே செய்யும், பாட்டா பாடும்? சரி சரி, சொல்றேன்."

பல தடவை கேட்டாள். பல தடவையும் அதே 'சொல்றேன்'தான்.

குரைப்பு மட்டும் என்றால் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு எப்படியோ சமாளித்திருப்பாள். பஸ் டிப்போவிலிருந்து திரும்பும் அவர் முதலில் தங்கை வீட்டுக் கேட்டைத்தான் திறப்பார். "மாமா வந்துட்டேன்டா!" என்று நாய்களிடம் அப்படி ஒரு குழைவு. சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும். அதெல்லாம் அடங்கியபின் இங்கே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, "டீ இருக்கா?" என்பார். தங்கை வீட்டுக் குழாய் ஒழுகினால் லீவு போடுவார். இவள் பல் பிடுங்கப் போன அன்று, "ஆட்டோல போய்ட்டு வந்துரேன்" என்றவர் அவர். அந்த வலி பல்லோடு போகவில்லை.

யாரிடமும் சொல்லாமல் நகராட்சியில் புகார் கொடுத்தாள். ஆய்வாளர் ஒருவர் வந்து, தெருவில் நின்று காது புளிக்கக் கேட்டுவிட்டுப் போனார். நாத்தனாருக்கு நோட்டீஸ் வந்தது. இரு தரப்பும் சமரசக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்றிருந்தது. புகார் கொடுத்தவர் பெயர் அதில் இல்லை.

"எந்தப் புண்ணியவானோ என் தங்கச்சி மேல புகார் குடுத்திருக்கான்" என்று பொங்கினார் புருஷன். "நாளைக்கு லீவு சொல்லிட்டேன். அவன் மூஞ்சியப் பாக்கணும்."

புகாரைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று அதுவரை அவள் மனசு ஊசலாடிக்கொண்டிருந்தது. லீவு என்ற சொல்லைக் கேட்டதும் கல்லாகிவிட்டது.

மறுநாள் அவர்களுக்கு முன்னாலேயே போய்க் கூட்ட அறையில் உட்கார்ந்துகொண்டாள். தங்கையை முன்னால் விட்டு உள்ளே வந்த புருஷன், எதிர் நாற்காலியைப் பார்த்ததும் பேயறைந்தது போல் நின்றார்.

"நீயா?"

"நானேதான். பாக்கணும்னீங்களே, பாத்துக்குங்க."

சமரசம் செய்யும் அம்மாள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "முதல்ல நேர்ல பேசிப் பாத்தீங்களா?"

"இவர்கிட்டதான் சொன்னேன், வாய் வலிக்கிற வரைக்கும்."

நாத்தனார் அண்ணன் பக்கம் திரும்பினாள். "என்கிட்ட ஏண்ணா சொல்லல?"

"உன் மனசு கஷ்டப்படுமேன்னு..."

"எனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கறது தெரியுமா உங்களுக்கு?" என்று புருஷனைக் கேட்டாள் அவள். போனில் எத்தனை வசவுக்கும் தடுமாறாத குரல் உடைந்துவிட்டது. புருஷன் தலையைக் குனிந்துகொண்டார்.

பகலில் நாய்கள் உள்ளறையில் இருக்க வேண்டும், பழக்குநர் ஒருவரிடம் பயிற்சிக்குப் போக வேண்டும், மீறினால் வழக்கு என்று முடிவாயிற்று. அவளும் நாத்தனாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் நாத்தனார் அவள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். புருஷன், சீட்டு காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"நேரா என்கிட்டயே வந்திருக்கலாமே அண்ணி."

"வந்திருந்தா அண்ணன்கிட்ட போய் அழுதிருப்பே."

"அழுதிருப்பேன்தான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் சாப்பிடறப்ப பேசிக்கற சத்தம் எனக்குக் கேக்கும். சண்டைன்னாகூட, ரெண்டு பேரு சத்தம். என் வீட்ல கடிகாரம் மட்டும்தான். அதுக்குத்தான் நாய் வாங்கினேன். உங்களப் பாத்தா அவ்வளவு பொறாமை அண்ணி."

நம்மைப் பார்த்தும் பொறாமைப்பட ஒருத்தியா என்று அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. அடுத்த கணமே அப்படி இனித்ததை நினைத்துக் கூசினாள். நடுவிலிருந்த பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நாத்தனாருக்கு இடம் விட்டாள்.

பயிற்சிக்குப்பின் குரைப்பு பாதிக்குமேல் குறைந்தது. அவள் வேலையும் தப்பியது. புருஷன் இப்போதெல்லாம் நேரே வீட்டுக்கு வந்து, டீயை அவளோடு குடித்துவிட்டுத்தான் தங்கை வீட்டுக்குப் போகிறார். சில நாள் அவளும் கூடப் போகிறாள். நாய்கள் அவரை விட்டு அவளிடம் ஓடிவந்தால், அவர் முகம் வாடுவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறாள்.