விக்ரோறியாவின் ஏழேகால்

2005 தை மாதம் தொடக்கம் விக்ரோறியா மாத்திரை விழுங்கிய நேரமெல்லாம் கோயில் மணி தானாக ஒரு தடவை அடித்தது. காலை ஏழேகால், மாலை ஏழேகால். புனித அன்னம்மாளின் பெரிய தேவாலயம் இருக்கும் தலவிலைக்கு வடக்கே, முப்பத்தெட்டு வீடும் சின்னக் கோயிலும் உள்ள கரை அது. அவள் புருசன் நிக்கொலஸ் முந்தின வருசம் மெலிந்து செத்தான். விட்டுப்போனது ஒரு கிழிந்த வலையும் எச்.ஐ.வி.யும். அவன் கொண்டுவந்ததற்கு அவள் பொய் சொல்லித் திரிய வேண்டியிருந்தது. மாத்திரை கொழும்பில் இலவசம். வழியில் போத்தலைத் திறந்து பார்த்த சிப்பாய்க்கெல்லாம் வயிற்றுவலி என்றாள். ஊருக்கும் அதுதான். தெரிந்தால் அவள் காயவைக்கும் கருவாட்டை நாயும் தொடாது, எட்டு வயது மகள் பட்டினி. நிக்கொலசுக்கு வந்தது வெறும் காசம் என்று நம்பியே, அவன் சவப்பெட்டிக்கு ஆணியடித்த சுத்தியலைக் கடலில் எறிந்த சனம் இது.

அன்னம்மாள் தீர்க்காத பழைய நேர்த்திக்கடன்களைக் கேட்டு மணி அடிக்கிறாள் என்று ஊர் முடிவுகட்டியது. திருவிழாவுக்கும் காத்திராமல் தலவிலைக்கு ஓடினார்கள். வள்ளங்களின் முதலாளி, சம்மாட்டி அன்ரனிப்பிள்ளை, பதினொரு வருசத்துக்கு முன் களவெடுத்த வலையைத் திருப்பிக் கொடுத்தார். மணி நிற்கவில்லை. 2006இல் சண்டை திரும்பத் தொடங்க, இது புலிகளுக்குச் சைகை என்று கடற்படை வந்து மணியின் நாக்கைக் கழற்றிக்கொண்டு போனது. நாக்கில்லாமலும் அடித்தது. அடிப்பவன் பிடிபடும்வரை வள்ளம் இறங்கக்கூடாது என்றார்கள். பத்தாம் நாள் பிள்ளைகள் காய்ந்த பாண் ரொட்டியைத் தண்ணீரில் தோய்த்துத் தின்றன. விக்ரோறியா மாத்திரையை நிறுத்தினாள். மணி நின்றது, வள்ளங்கள் இறங்கின, அவள் வற்றத் தொடங்கினாள்.

கருவாடு வாங்க வரும் முஸ்லிம் பெண் சித்தி மரியம், தொண்ணூறில் புலிகளால் மன்னாரிலிருந்து ஒற்றைப் பையோடு விரட்டப்பட்டு வந்தவள், அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"மணி உன்ட தொண்டைக்குள்ளதான் கிடக்கு எண்டு எனக்கு எப்பவோ தெரியும் புள்ள. விழுங்கு."

"விழுங்கினா வள்ளம் நிக்கும்."

"விழுங்காட்டி நீ நிப்பியா?"

அந்த ஞாயிறு பூசை முடிய விக்ரோறியா எழுந்து நோயின் பேரைச் சொல்லி, எல்லோரும் பார்க்க விழுங்கினாள். நாக்கில்லாத மணி அடித்தது. அவள் இருந்த வாங்கிலிருந்து மற்றவர்கள் உடனே எழும்பிப் போனார்கள். "அப்ப இவ்வளவு நாளும் நாங்க திண்ட கருவாடு?" என்று அன்ரனிப்பிள்ளை கத்தினார். "நானும் திண்டு கொழுத்துத்தானே கிடக்கிறன், சம்மாட்டி" என்றாள் வாசலில் நின்ற சித்தி மரியம். மணி திரும்ப அடித்ததை விசாரிக்க வந்த கடற்படை அதிகாரி புத்தகத்தில் 'காரணம்: மருந்து' என்று எழுதிக்கொண்டு போனார். வள்ளங்களை யாரும் மறிக்கவில்லை. ஆனால் ஆறு மாதம் அவளிடம் மரியத்தைத் தவிர ஒருவரும் கருவாடு வாங்கவில்லை. கிளினிக் தாதி நாலு தடவை வந்து, தண்ணீராலோ கருவாட்டாலோ தொற்றாது என்று விளக்கினாள். முதல் மூன்று தடவையும் வெறும் கதிரைகளுக்கு விளக்கினாள். நாலாம் தடவை சிலர் கையை நீட்டிச் சோதனைக்கு இரத்தம் கொடுத்தார்கள்.

2008 மாசி தொடக்கம் மணி வேளைக்கு இரண்டு தடவை அடித்தது, ஒன்று விக்ரோறியாவுக்கு. மற்றது ஆர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஆள் சோம்பேறி, ஐந்து நிமிடம் பிந்தும். அந்த அடி விழுந்த பிறகே வீடுகளில் சோறு போட்டார்கள். ஒருநாள் மாலை ஏழரையாகியும் அது விழவில்லை. முப்பத்தெட்டு வீட்டிலும் வெறும் சோற்றுக் கோப்பையோடு சனம் காது கொடுத்து இருந்தது. அன்ரனிப்பிள்ளை ஒழுங்கையில் இறங்கி எல்லா வீட்டுக்கும் பொதுவாகக் கத்தினார்:

"ஆராயிருந்தாலும் விழுங்கு! சோறு ஆறுது!"

மணி அடித்தது. சாப்பிட்டார்கள்.