இடப்பக்கச் சரிவு

"இத்தால் சகல உறவினர்களுக்கும் அறியத்தருவது யாதெனில், கடந்த நாற்பது ஆண்டுகளாக இடப்பக்கம் சரிந்து நிற்கும் எமது லாண்ட் ரோவர் ஜீப், எதிர்வரும் வெள்ளிக்கிழமைக்கு முன்னர் நிமிர்த்தப்படும். அன்றைய தினம் எமது நாற்பதாவது திருமண நிறைவை முன்னிட்டு, திருமதி சிவானந்தன் அதன் முன்னாசனத்தில் அமர்ந்து கொட்டாஞ்சேனை மாரியம்மன் கோயிலுக்கு எழுந்தருளுவார்."

அறுபத்தொரு பேர் உள்ள குடும்ப வட்ஸ்அப் குழுவில் விடியக்காலை ஐந்தரைக்கு இதைப் போட்டவர் என் அத்தான் சிவானந்தன். நில அளவைத் திணைக்களத்திலிருந்து ஓய்வு பெற்று பதினாறு வருடமாகியும், பால் மா வாங்கப் போவதற்குக்கூட ஒரு சுற்றறிக்கை விட்டுவிட்டுத்தான் வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் இறங்குவார். எழுந்தருளப் போவதாகச் சொல்லப்பட்டவர் என் அக்கா அருந்ததி. அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழுவில் கைகூப்புகள் குவிந்துகொண்டிருந்தபோது அவர் உழுந்து அரைத்துக்கொண்டிருந்தார்.

அந்த முன்சீட்டில் அக்கா இருந்த காலம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமைகளில் அத்தான் வேலை முடிந்து கந்தோரால் வந்து முகம் கழுவியதும் மூவரும் கொட்டாஞ்சேனைக்குப் புறப்படுவோம். அக்கா அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்து, எப்போதுமே பூட்டுப்படாத இடது கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி இருப்பார். நான் பின்னால், ஸ்பெயார் டயருக்குப் பக்கத்தில். காலிமுகத்திடல் காற்றில் அக்காவின் தலைப்பூ உதிர்ந்து வந்து என் முகத்தில் ஒட்டும். எஞ்சின் சத்தத்தில் கத்தித்தான் கதைக்க வேண்டும். அவர்கள் இருவரும் கத்திக் கத்திக் கதைப்பார்கள், சிரிப்பார்கள். திரும்பி வரும்போது கடலை வாங்குவோம். கோட்டைச் சோதனைச் சாவடியில் இறங்கி அடையாள அட்டை காட்டிவிட்டு ஏறுவதற்குள் கடலை ஆறிவிடும். அதற்கும் சிரிப்பார்கள்.

1994இல் பம்பலப்பிட்டியில் ஒரு கல்யாண மண்டப வாசலில் எல்லாம் முடிந்தது. வெளியே நிறுத்தியிருந்த ஜீப் சரிந்து நிற்பதைப் பார்த்து யாரோ காரணம் கேட்க, அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெரியோர்களே, இது இயந்திரக் கோளாறு அல்ல. இடது ஆசனத்தில் அமரும் இல்லத்தரசியின் செழிப்பு" என்றார். வாசல் முழுக்கச் சிரித்தது. நானும்தான், நல்ல சத்தமாகவே. அன்று அக்கா நூறாம் நம்பர் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு ஜீப்பில் ஏறவில்லை. கொட்டாஞ்சேனைக்கு 155ஆம் நம்பர் பஸ். ஒவ்வொரு காலையும் அத்தான் ஜீப்பை எடுக்கும்போது அக்கா கேற்றைத் திறந்துவிட்டு நிற்பார், அவ்வளவுதான்.

சுற்றறிக்கையில் சொன்னபடி ஜீப்பை நிமிர்த்த, புதன்கிழமை ஷரீபின் ஸ்பிரிங் பட்டறைக்கு அத்தானோடு நானும் போனேன். கொட்டாஞ்சேனையில் ஒரு சந்துக்குள், லொறி ஸ்பிரிங்குகள் சுவரளவு அடுக்கிய இடம். அத்தான் கையில் ரசமட்டம் இருந்தது.

"என்ன சேர், வீடு கட்டவா போறீங்க?" என்றார் ஷரீப்.

அத்தான் சரிவின் கோணத்தைப் பாகை கணக்கில் விளக்கினார். ஷரீப் அதைக் கேட்டபடியே முன் ஸ்பிரிங்குகள் இரண்டையும் கழற்றி, நிலத்தில் பக்கத்துப் பக்கமாக வைத்தார். வலது பக்கத்து வில் ஒரு விரலளவு உயரமாக வளைந்திருந்தது.

"பார்த்தீரே!" என்றார் அத்தான். "இடது பக்கம் அமத்துப்பட்டுப் போச்சு."

"இல்ல சேர். செஞ்சதே அப்படித்தான். டிரைவர் பக்கம் ஒசரம், மத்தப் பக்கம் பதிவு."

"ஏன்?"

"பெட்ரோல் டாங்கி டிரைவர் சீட்டுக்கு அடியில. அதுக்கு மேல டிரைவர். பாரம் எல்லாம் ஒரே பக்கம். அதான் அந்தப் பக்கத்தத் தூக்கி வெச்சீக்கிறான். நீங்க ஏறினா வண்டி நேரா நிக்கும். எறங்கினா மத்தப் பக்கம் சரியும்."

"அப்ப இடது சீட்டில இருக்கிற ஆள்?"

"அவங்களுக்கு இதுல ஒரு பங்கும் இல்ல சேர்."

அத்தான் ரசமட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கே கிடந்த டயரில் உட்கார்ந்தார். தான் ஏறியிருக்கும்போது ஜீப் எப்படி நிற்கிறது என்பதை அவர் வெளியே நின்று பார்த்திருக்க வழியில்லை. நான் எப்போதும் பின்னால் டயரோடு.

ஷரீப் இரண்டு சோடிகளைக் காட்டினார். ஒன்று அசல், ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் பதிவு. மற்றது ஊரில் அடித்தது, இரண்டும் ஒரே உயரம். அசல் இல்லாத ஒரு ஆணியைக்கூட அந்த ஜீப்பில் ஏற்றாத மனிதர் அத்தான்.

"இதைப் போட்டா சும்மா நிக்கேக்க நேரா நிக்குமோ?" என்று ஊரில் அடித்ததைத் தொட்டுக் கேட்டார்.

"நிக்கும். ஆனா நீங்க ஏறினா ஒங்கட பக்கம் எறங்கும். ஊரே பார்க்கும்."

"அதையே போடும்" என்றார் அத்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஜீப் கேற்றடியில் நிமிர்ந்து நின்றது. அக்கா அடுப்புக்கு மேல்தட்டில் இருந்த டப்பாவிலிருந்து பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக்கொண்டிருந்தார். அத்தான் குசினி வாசலில் நின்று, பெட்ரோல் டாங்கியில் தொடங்கி, மெல்ல மெல்ல விசயத்துக்கு வந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. "நீங்கள் ஏறினவுடனை அது நிமிரும். கேற்றில நிண்டு முப்பத்திரண்டு வருசமாப் பாக்கிறன்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்டனீங்களே? சொல்லியிருந்தா டாங்கியைப் பற்றி ரெண்டு மணித்தியாலம் கதைச்சிருப்பீங்கள்."

"சரி, என்ரை பிழைதான். வாருமன், போவம்."

"மண்டப வாசலில சொன்னதைக் குசினிக்குள்ள திருத்த ஏலாது."

அத்தான் போனை எடுத்தார். "இடப்பக்கச் சரிவு தொடர்பாக 1994ஆம் ஆண்டு எம்மால் வெளியிடப்பட்ட கூற்று இத்தால் வாபஸ்..." என்று எழுதி, அக்காவிடம் நீட்டினார்.

"தமிழில எழுதுங்கோ."

அத்தான் முழுவதையும் அழித்தார். வெகுநேரம் யோசித்தார். பிறகு அறுபத்தொரு பேருக்கும் இவ்வளவுதான் போனது: "ஜீப் சரிஞ்சது அருந்ததியால இல்லை. அப்பிடிச் சொன்னது என்ரை பிழை."

அக்கா அதை இரண்டு தரம் வாசித்தார். சில்லறையைத் திரும்ப டப்பாவுக்குள் போட்டார். அர்ச்சனைத் தட்டோடு போய் முன்சீட்டில் ஏறி, கதவைச் சாத்தினார். கதவு பூட்டுப்படவில்லை. எந்த யோசனையும் இல்லாமல் அவருடைய இடது கை அதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. அத்தான் ஏறி எஞ்சினை முடுக்கி ஏதோ சொன்னார். "என்ன?" என்று அக்கா கத்தினார். அவரும் கத்தினார். இருவரும் சிரித்தார்கள்.

பின்னால் ஏற எனக்கு மனம் வரவில்லை. கேற்றைத் திறந்துவிட்டு, முதல் தடவையாக, வெளியே நின்று பார்த்தேன்.

ஜீப் இப்போது வலது பக்கம் சரிகிறது.