அழகு காட்டின அக்காவும் தம்பியும்

வாய் கொப்பளித்த தண்ணீர் வலது ஓரமாக வழிந்து ரவிக்கையை நனைத்தபோது தையல்காரி அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊசியில் கோக்க நூல் நுனியை உதட்டில் வைத்தாள். உதடு கவ்வ மறுத்தது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம்தான் அவளுடையது.

மகள் போன் போட்டதும் பஸ் ஓட்டும் தம்பி காக்கிச் சட்டையோடு ஓடிவந்தான். பக்கவாதமோ என்று பயந்து அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

டாக்டரம்மா கைகால்களைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "புருவத்தைத் தூக்குங்க" என்றார். இடது நெற்றி சுருங்கியது. வலது நெற்றி இஸ்திரி போட்ட மாதிரி கிடந்தது.

"மூளையில அடைப்புன்னா பொதுவா நெத்தி அசையும். இது முகத்துக்குப் போற நரம்பு வீங்கினது. சீக்கிரமே வந்துட்டீங்க, மாத்திரை தர்றேன். கண்ணு மூடலைல்ல? சொட்டு மருந்து விடுங்க. தூங்கும்போது இமையை டேப் போட்டு ஒட்டிக்குங்க."

தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்காவுக்குத்தான் வரவில்லை. கடைக் கண்ணாடியைத் துணி போட்டு மூடினாள். அளவு கொடுக்க வருகிறவர்களிடம் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டே பேசினாள்.

சில வாரம் கழித்து முகப்பயிற்சி சொல்லித்தரும் பெண்ணிடம் அனுப்பினார்கள். லீவு போட்டுத் தம்பிதான் கூட்டிப்போனான்.

"கண்ணாடியைப் பாத்து, மெதுவா உதட்டோரத்தைத் தூக்குங்கம்மா."

அக்கா தரையைப் பார்த்தாள். அந்தப் பெண் என்ன சொல்லியும் தலை நிமிரவில்லை.

"அக்கா, இங்க பாரேன்" என்றான் தம்பி.

நிமிர்ந்தாள். கண்ணாடிக்குள், அவள் தோளுக்குப் பின்னால், நரைத்த மீசைக்காரன் ஒருத்தன் கன்னத்தை உப்பி, கண்ணை மாறுகண்ணாக்கி, நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றான்.

பழைய வீட்டு பீரோக் கண்ணாடி அவள் முன்னால் வந்து நின்றது. அப்பா திட்டி முடித்ததும் இருவரும் அறைக்குள் ஓடி, அந்தக் கண்ணாடியில் அவருக்கு அழகு காட்டுவார்கள். அதில் அவள்தான் கில்லாடி. மூக்கை ஒரு பக்கம் இழுத்து ஒற்றைப் புருவத்தைத் தூக்கினாளென்றால் தம்பி தரையில் உருளுவான். வெளியிலிருந்து அம்மா கத்துவாள்: "பண்ணுங்க, பண்ணுங்க! ஒருநாள் கோணினது கோணினபடியே நின்னுடும்!"

"அம்மா வாக்கு பலிச்சிருச்சுடா" என்றாள் அக்கா. 'அம்மா' சரியாக வாயில் வரவில்லை. அவனுக்குப் புரிந்தது.

"நீயும்தானே பண்ணே? எனக்கு மட்டும் ஏன்டா?"

"என் மூஞ்சியில புதுசா கோண என்ன இருக்கு?"

அக்கா குலுங்கிச் சிரித்தாள்.

"அண்ணே, கொஞ்சம் வெளியில உட்காருங்க!" என்றாள் அந்தப் பெண். "வேகமா இழுத்துப் பழகினா, பின்னாடி வாய் அசையும்போது கண்ணும் சேர்ந்து மூடிக்கும். மெதுவாத்தான் போகணும்." சொல்லிவிட்டு அவளே குனிந்து பார்த்தாள். "ஆனா ஓரம் லேசா துடிச்சுதும்மா. நான் பாத்தேன்."

முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. சாப்பிடும்போது மட்டும் வலது கண் லேசாகச் சுருங்கும். அதற்கும் ஊசி உண்டு என்றார் டாக்டரம்மா. இருந்துவிட்டுப் போகட்டும் என்றுவிட்டாள்.

பயிற்சி முடிந்த பிறகும் தம்பி லீவு நாளில் கடைக்கு வருகிறான். மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பழைய கதை பேசுவான்.

"நம்ம வீட்டுக் கொல்லைக் கதவு பச்சை."

"போடா, நீலம்."

அடித்துச் சொல்ல இருவரையும் விட்டால் ஆளில்லை. அக்கா மெஷினை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"முதல்ல நீலமா இருந்து, அப்புறம் பச்சை அடிச்சாங்களோ?"